ஹெட் கேஸ்கெட் மேல் விழுந்த பழி: கேஸில் ஓடும் ஓம்னி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி 2008 மாடல் மாருதி ஓம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர், இன்ஜெக்‌ஷன் இன்ஜின். பெட்ரோல் வண்டியாக வாங்கி, பிற்பாடு எல்பிஜி கிட் போட்டிருக்கிறார்கள். மிக்சர் வகை கிட், அதாவது கேஸும் காற்றும் இன்ஜினுக்குள் போகும் முன்பே கலந்துவிடும் வகை. கேஸ் டேங்க் பின்பக்கம், சாமான் வைக்கும் இடத்தில். வண்டி நிற்பது நீலகிரியில், கேத்தி பக்கம். விடிவதற்கு முன்னால் தோட்டங்களில் கேரட், பீட்ரூட் மூட்டைகளை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் காலியாகவோ சில்லறைச் சாமான்களோடோ மலையேற வேண்டும். இதுதான் அதன் தினசரிப் பிழைப்பு.

கோவையில் நாங்கள் வேலை செய்யும் பணிமனைக்கு வண்டி வந்தபோது வண்டிக்காரர் பாதி நம்பிக்கை இழந்திருந்தார். "தண்ணி குடிக்குதுங்க. ரேடியேட்டர் மூடியத் தொறந்தா குமிழி குமிழியா வருது. காலைல ஸ்டார்ட் பண்ணுனா வெள்ளப் பொக. மேடு ஏறுறப்ப திடீர்னு கேஸ் அத்துப்போயி நின்னுருது. ஹெட் கேஸ்கெட் ரெண்டு வாட்டி மாத்தியாச்சுங்க, ஒரு மாசம்கூட தாங்கல."

தண்ணீர் குறைவது, குமிழி, வெள்ளைப் புகை. இந்த மூன்றையும் கேட்டால் எந்த மெக்கானிக்கும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் அவற்றை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு) போய்விட்டது என்றுதான் சொல்வார். பெட்ரோலில் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் பத்தில் ஒன்பது முறை அது சரியாகவும் இருக்கும். ஆகவே முன்பு பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது கேஸ்கெட்டும் போன பிறகு, மூன்றாவதை வாங்கும் முன்னால் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். இந்த வண்டியில் தண்ணீரும் எரிபொருளும் ஒரு மெல்லிய தடுப்புக்கு இருபுறமும் ஓடுகிற இடம் ஹெட்டைத் தவிர வேறு எங்காவது இருக்கிறதா?

இருக்கிறது. அதற்குப் பெயர் வேப்பரைசர்.

மீட்டரில் சூடு, வேப்பரைசரில் பனி

வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்ததில் அவர் பெரிதாக நினைக்காத ஒரு தகவல் வெளியே வந்தது. பர்லியாறு தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றுபோன ஒரு மத்தியானம் முன் சீட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். வேப்பரைசர் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்ததாம். அதே நேரத்தில் டேஷ்போர்டில் சூட்டு முள் பாதியைத் தாண்டி நின்றிருக்கிறது. "கேஸ் வண்டின்னா பனி பிடிக்கத்தான் செய்யும்"னு யாரோ சொல்ல, அதோடு விட்டுவிட்டார்.

பிடிக்கக் கூடாது. டேங்கிலிருந்து எல்பிஜி திரவமாகத்தான் முன்னால் வருகிறது. அதை ஆவியாக்கி, அழுத்தத்தைக் குறைத்து, இன்ஜின் உறிஞ்சுகிற அளவுக்கு விடுவது வேப்பரைசரின் வேலை. திரவம் ஆவியாகச் சூடு வேண்டும், கிலோவுக்குச் சுமார் 350 முதல் 400 கிலோஜூல். ஓம்னி மாதிரி ஒரு வண்டி மலையேறும்போது மணிக்கு நான்கு கிலோவுக்கு மேல் எரித்தால், வேப்பரைசருக்கு ஓயாமல் அரை கிலோவாட் அளவு வெப்பம் போய்க்கொண்டிருக்க வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கொடுப்பது இன்ஜினைச் சுற்றி வரும் சுடுதண்ணீர். இன்ஜினின் சுடுதண்ணீர் ஹோஸில் ஒரு டி (T வடிவ இணைப்பு) போட்டு, அங்கிருந்து ஒரு சின்ன ஹோஸ் வேப்பரைசருக்குள் போய் இன்னொன்று வழியாகத் திரும்பி வரும்.

அந்தத் தண்ணீர் வராவிட்டால் கேஸ் தனக்கு வேண்டிய சூட்டை வேப்பரைசரின் உடம்பிலிருந்தே இழுத்துக்கொள்ளும். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, பியூட்டேனுடையது பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே. உடம்பு குளிர்ந்துகொண்டே போய், காற்றின் ஈரம் அதன் மேல் பனியாகப் படியும். ஆவியாகாத திரவம் டயாப்ரம் என்கிற ரப்பர்ச் சவ்வு வரை போய் அதைக் கெடுக்கும். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் திணறி நிற்கும்.

ஆக, இன்ஜின் சூடாக இருக்கும்போது வேப்பரைசர் பனி பிடித்தால் ஒரே ஒரு அர்த்தம்தான்: சுடுதண்ணீர் இன்ஜினில் இருக்கிறது, வேப்பரைசருக்குப் போகவில்லை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சூடாக்கிவிட்டு வேப்பரைசரின் இரண்டு ஹோஸையும் கையால் தொட்டால் போதும். இரண்டும் சுட வேண்டும். இந்த வண்டியில் உள்ளே போகும் ஹோஸ் வெதுவெதுப்பாக இருந்தது, திரும்பி வருவது ஜில்லென்றிருந்தது.

காரணம் ஒன்றல்ல. கிட் போட்டவர் கைக்கு எட்டும் வசதிக்காக வேப்பரைசரை ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் பொருத்தியிருந்தார். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காற்று புகுவது அந்த உச்சியில்தான். புகுந்த காற்று அங்கேயே அடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்தது, இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் காணோம். நம் ஊரில் இது ஒரு வியாதி. வண்டி ஒரு முறை சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். சமவெளியில் அதனால் வரும் கெடுதல் உடனே கண்ணுக்குத் தெரியாது. ஜனவரி விடியலில் உறைபனி விழும் பள்ளத்தாக்கில் நிற்கிற கேஸ் வண்டிக்கு அது நேரடியான கெடுதல். இன்ஜின் நீண்ட நேரம் சூடாகாது. தண்ணீரும் தடையில்லாத பெரிய வழியாக ரேடியேட்டருக்கே ஓடிவிடும், வேப்பரைசரின் சின்ன ஹோஸில் பாய்வது குறையும். காலையில் திணறுவதற்கும் மத்தியானம் நிற்பதற்கும் சேர்த்து இதில் பதில் கிடைத்துவிட்டது. குமிழிக்கும் புகைக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

பெட்ரோலைச் சரி செய்யாமல் கேஸைச் சோதிக்க முடியாது

முதல் சோதனை எளியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, இன்ஜினை ஓட்டாமல், சுவிட்சைக் கேஸில் வைத்துச் சாவியை ஆன் பண்ணினோம். இந்த வகை கிட்டில் இன்ஜின் சுற்றாவிட்டாலும் கேஸை விடும் மின்வால்வான சோலினாய்டு ஓரிரு விநாடி திறந்து, பிறகு தானாக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வேப்பரைசரின் முதல் அறையில் அழுத்தம் ஏறும். திருப்பித் திருப்பிச் செய்ததில், நின்றுகொண்டிருக்கும் இன்ஜினின் ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தது. கேஸின் அந்த நாற்றமும் வந்தது. பிஸ்டன் அசையாதபோது ஹெட் கேஸ்கெட் வழியாகக் குமிழி வர வழியே இல்லை. வேப்பரைசருக்குள் கேஸ் பக்கத்துக்கும் தண்ணீர்ப் பக்கத்துக்கும் இடையிலான தடுப்பு போயிருக்கிறது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் வேப்பரைசரில் ஓட்டை இருப்பதால் ஹெட் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இரண்டுமே கெட்டிருக்கலாம். இரண்டு முறை திறந்து மூடிய ஹெட் வேறு. அதைத் தெளிவாக்க ஒரே வழி, டேங்கில் கேஸைக் கையால் மூடிவிட்டு வண்டியைப் பெட்ரோலில் ஓட்டி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது. அங்கேதான் சிக்கல். வண்டி பெட்ரோலில் ஓடவில்லை. எவ்வளவு காலமாக ஓடவில்லை என்று கேட்டால், "அது எப்பவோ போச்சுங்க, கேஸ்லயேதான் ஸ்டார்ட் பண்றேன்" என்றார்.

கேஸ் வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். கேஸ் கிட் போட்ட வண்டி என்பது இரண்டு எரிபொருள் அமைப்புகள் உள்ள வண்டி. செலவு குறைவு என்று கேஸ் பக்கத்தை மட்டும் ஓட்டுகிறோம். பெட்ரோல் பக்கம் சும்மா கிடந்தே சாகிறது. செத்ததும் தெரிவதில்லை, ஏனென்றால் வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. கேஸில் ஒரு கோளாறு வந்து, பெட்ரோலுக்கு மாற்றிப் பார்த்தால் அரை நாளில் புரிந்துவிடும் என்கிற நிலை வரும்போது மாற்றிப் பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது. இந்த வண்டியில் ஹெட்டை இரண்டு முறை கழற்றியதற்கு மூல காரணம் அதுதான் என்பேன். பெட்ரோல் ஓடியிருந்தால் முதல் முறையே உண்மை தெரிந்திருக்கும்.

பெட்ரோல் டேங்கை இறக்கினோம். உள்ளே கொஞ்சம் பெட்ரோல், வார்னிஷ் வாடை அடித்தது. அடியில் தனியாகத் தண்ணீர், இரும்பு டேங்கின் உட்புறம் துரு. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். வாரக்கணக்கில் ஓடி ஓடித் தீர்கிற வண்டியில் இதற்கு நேரம் கிடைக்காது. மாதக்கணக்கில் கிடக்கிற டேங்கில் கிடைக்கும். 2008-இன் ரப்பர் ஹோஸ்கள் இந்த எத்தனால் அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. தொட்டால் மாவாக வந்தன.

பம்ப் எரிந்திருந்தது. அது டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடி, அந்தப் பெட்ரோலாலேயே குளிர்கிற பம்ப். கேஸில் ஓடும்போது பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களை எமுலேட்டர் என்கிற மின்னணுப் பெட்டி நிறுத்திவிடும், சரி. ஆனால் பம்புக்குப் போகும் கரண்டை இந்தக் கிட் போட்டவர் துண்டிக்கவில்லை. கேஸில் ஓடிய நேரமெல்லாம் பம்பும் சும்மா சுற்றியிருக்கிறது, அதுவும் டேங்கில் பெட்ரோல் அடிமட்டத்தில் இருக்கும்போது. நூறு ரூபாய் ரிலே ஒன்று இல்லாமல் போன பம்ப். கிட் போட்டுத் தருகிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இதைச் சேர்க்கலாம்: "கேஸ்ல ஓடுறப்ப பெட்ரோல் பம்ப் நிக்குமா?"

டேங்கைக் கழுவி, பம்ப், ஃபில்டர், ஹோஸ் மாற்றி, ரிலே போட்டு, பெட்ரோலில் ஓட்டினோம். குமிழி வரவில்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்ததில் மூன்று சிலிண்டருக்கும் இடையே அரை கிலோ வித்தியாசம்கூட இல்லை. இன்ஜின் ஆயிலில், தண்ணீர் கலந்தால் வரும் பால் கலந்த நிறம் எதுவும் இல்லை. ஹெட் குற்றமற்றது.

வேப்பரைசரைத் திறந்தபோது

வேப்பரைசரின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். எல்பிஜியில் ஆவியாகாமல் தங்குகிற பிசுபிசுப்பான எண்ணெய்க் கசடு அங்கே சேரும். அதை அவ்வப்போது, இன்ஜின் சூடாக இருக்கும்போது, கேஸை மூடி லைனில் உள்ளதை எரித்துத் தீர்த்துவிட்டு வடிக்க வேண்டும். வழக்கமாகக் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ வரும். இதில் வந்தது பால் காபி நிறம். தண்ணீர் கேஸ் பக்கத்துக்குள் வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கேஸ் தண்ணீருக்குள் போவது புரிகிறது, தண்ணீர் எப்படிக் கேஸுக்குள் வந்தது? அழுத்தம்தான் காரணம். இந்த வேப்பரைசரின் முதல் அறையில் கேஸ் அழுத்தம் அரை பார் சுற்றி. ரேடியேட்டர் மூடி தண்ணீரின் அழுத்தத்தை 0.9 பார் வரை பிடித்து வைக்கும். மூடி திறந்திருக்கும்போதும், இன்ஜின் ஆறியிருக்கும்போதும் கேஸ் ஜெயிக்கும், குமிழி வரும். சூடான இன்ஜினை நிறுத்தியதும் சோலினாய்டு மூடிக்கொள்கிறது, கேஸ் அழுத்தம் விழுகிறது, தண்ணீரின் அழுத்தம் அப்படியே நிற்கிறது. அப்போது தண்ணீர் ஜெயித்து அந்தப் பக்கம் கசியும். மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணும்போது அது மிக்சர் வழியாக இன்ஜினுக்குள் போய் வெள்ளைப் புகையாக வெளியேறும். வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தண்ணீர் குறைந்ததன் கணக்கு இதுதான். குறைந்த தண்ணீர் உச்சியில் காற்றடைப்பைப் பெரிதாக்கும், வேப்பரைசர் குளிரும், ஏற்றத்தில் வண்டி நிற்கும். வண்டிக்காரர் நான்காகச் சொன்ன புகார் உண்மையில் ஒன்று.

பிரித்துப் பார்த்தோம். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் சுண்ணாம்பும் துருவும் பாதி வழியை அடைத்திருந்தன. கேஸ்கெட் உட்காரும் அலுமினிய முகம் பொரிப்பொரியாக அரித்திருந்தது. கூலன்ட் ஊற்றாமல் வழியில் கிடைத்த குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். கூலன்ட் என்றால் இன்ஜின் கொதிக்காமல் இருக்க ஊற்றுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதில் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. கேஸ் வண்டிக்கு அது கூடுதல் அவசியம். பனி பிடித்த வேப்பரைசருக்குள் நகராமல் நிற்கும் வெறும் தண்ணீர் உறைந்து விரியவும் வாய்ப்புண்டு.

டயாப்ரம், ஓரிங் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டு மூடியிருக்கலாம். அரித்த முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, பசை தடவி ஒட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒரு பக்கம் கேஸ், மறுபக்கம் அழுத்தத்தில் சுடுதண்ணீர், சீட்டுக்கு அடியில் இன்ஜின். உடம்பு போனால் உடம்பையே மாற்ற வேண்டும். அதுவும் அதே கம்பெனி, அதே மாடல். கிட்டுக்கு அங்கீகாரம் கொடுப்பது மொத்தமாகத்தான். கிடைத்ததை வைத்துக் கலந்து கட்டினால் அந்த அங்கீகாரத்துக்கு மதிப்பில்லை, எஃப்சி என்கிற தகுதிச் சான்று எடுக்கும்போதும் இடறும். புதியதைப் பொருத்தும்போது பிராக்கெட்டை மாற்றி ரேடியேட்டர் மூடிக்குக் கீழே இறக்கினோம். தெர்மோஸ்டாட் போட்டோம். அடைத்த ஹோஸ்களைக் கழித்தோம். கூலன்ட் ஊற்றி, மேல் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, குமிழியில்லாமல் தண்ணீர் வழிகிற வரை காற்றை எடுத்தோம். இதை அவசரப்பட்டு முடித்தால் முந்தைய பாடெல்லாம் வீண்.

மற்றவை

இக்னிஷன். கேஸும் காற்றும் கலந்ததைப் பற்றவைக்க பெட்ரோலைவிடப் பலமான பொறி வேண்டும். பெட்ரோலில் சமாளிக்கிற பழைய பிளக், கேஸில் மிஸ்ஸிங் கொடுக்கும். எரியாத கலவை இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் வழியில்) பற்றினால் பேக்ஃபயர். மிக்சர் வகையில் மிக்சரிலிருந்து இன்ஜின் வரை முழுக்கக் கேஸ் நிறைந்திருப்பதால் ஏர் ஃபில்டர் பெட்டியே பிளந்துவிடும். இந்த வண்டியின் பெட்டி ஏற்கெனவே ஒட்டுப் போட்டதாக இருந்தது. பிளக்கும் ஒயரும் மாற்றி, பிளக் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைத்தோம்.

டேப்பட், அதாவது வால்வை அழுத்தித் திறக்கும் பாகம். கேஸ் உலர்வாக எரியும். பெட்ரோலைப் போல, வால்வு மூடும்போது உட்காரும் சீட்டை நனைத்துக் குளிர்விக்காது. சீட்டு தேயத் தேய வால்வு மேலே ஏறும், டேப்பட் இடைவெளி குறையும். சத்தம் போடும் டேப்பட்டைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். கேஸ் வண்டியில் ஆபத்து சத்தமே போடாத டேப்பட். இங்கே இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளில் இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகி, அப்போது உண்மையாகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

கலவை. கேஸ் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்க கிட்டோடு வந்த ஸ்டெப்பர் மோட்டாரை யாரோ எடுத்துவிட்டுக் கை ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். சமவெளியில் ஓடும் வண்டி என்றால் இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், கேத்தி 2,000 மீட்டருக்கு மேல். மேலே காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக வைத்த ஸ்க்ரூ மேலே கேஸை அதிகம் கொடுக்கும், பிக்கப் விழும், கேஸ் வீணாகும். மேலே சரியாக வைத்தாலோ கீழே கலவை மெலிந்து வால்வு சுடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டுமானால் கீழே வைத்துவிட்டு மேலே நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஸ்டெப்பரைத் திரும்பப் போட்டு ஆக்சிஜன் சென்சாரோடு இணைத்தோம்.

கசிவு. சோப்புத் தண்ணீர்தான், வேறு எதுவும் இல்லை. லைட்டர் கொளுத்திப் பார்க்கும் ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால் கேஸ் வண்டியை நாங்கள் குழி மேல் நிறுத்துவதே இல்லை. டேங்கின் மல்டிவால்வு (கேஸ் நிரப்பவும் வெளியே விடவும் உள்ள வால்வுத் தொகுதி) மேல் ஒரு மூடிய பெட்டி இருக்கும், கசிந்தாலும் அதற்குள் அடங்கி ஒரு குழாய் வழியாக வண்டிக்கு வெளியே போக வேண்டும். கேரட் மூட்டைகள் உரசி அந்தப் பெட்டியின் மூடி உடைந்திருந்தது, குழாய் கழன்று வண்டிக்குள்ளேயே தொங்கியது. நல்லவேளை, வால்வில் கசிவு இல்லை. பெட்டியை மாற்றி, மூட்டை இடிக்காமல் இரும்புச் சட்டம் ஒன்று அடித்தோம்.

டேங்கின் தகட்டில் கடைசி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதி ஐந்து ஆண்டைத் தாண்டியிருந்தது. எல்பிஜி டேங்குக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அந்தச் சோதனை கட்டாயம். டேங்கைக் கழற்றி அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும் வரை வண்டியைப் பெட்ரோலிலேயே மலைக்கு அனுப்பினோம். ஆர்சி-யில் கேஸ் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. இன்சூரன்ஸில் கிட்டைச் சேர்க்கவே இல்லை, அதைச் சேர்க்கச் சொன்னோம்.

வண்டிக்காரருக்குச் சொல்லி அனுப்பியவை: விடியலில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூட்டு முள் அசைந்த பிறகு கேஸுக்கு மாற்றுங்கள். வாரத்துக்கு ஒரு முறை கொஞ்ச தூரம் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். பெட்ரோல் டேங்கில் கால்வாசிக்குக் கீழே போக விடாதீர்கள், வாங்கினால் சிறிதாக வாங்கிச் சீக்கிரம் தீருங்கள். கூலன்ட் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போகாமல் ஏன் குறைந்தது என்று கேளுங்கள்.

அடுத்த முறை டேப்பட் பார்க்க வந்தபோது ரிசர்வ் பாட்டிலில் போட்ட கோட்டுக்குக் கூலன்ட் அப்படியே நின்றது. ஒரு எக்ஸாஸ்ட் டேப்பட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. "கோடைல மேட்டுப்பாளையம் வெயில்ல முள்ளு மேல போச்சுன்னா தெர்மோஸ்டாட்டக் கழட்டிரலாங்களா?" ரேடியேட்டர் ஃபேன் சரியான சூட்டில் ஓடுகிறதா என்று அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினோம். தெர்மோஸ்டாட் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.